மீனாட்சி பெண் இல்லை: ஃபைட்டர் மீன் வாங்கிய வாசகிக்குப் பதில்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் விட்டுவிட்டேன். கடிதம் நீளம். சாரம் இதுதான்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் நல்ல மார்க் எடுத்தால் ஃபைட்டர் மீன் வாங்கித் தருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கடைக்குப் போனபோது, "ஒத்தையா எதுக்கு? ஜோடியா எடுங்க, குஞ்சு பொரிக்கும்" என்றார் கடைக்காரர். நீளமான வாலோடு நீலமும் சிவப்புமாக இருந்தது ஆண். மகன் அதற்கு ராஜா என்று பேர் வைத்தான். குட்டை வாலோடு இருந்தது பெண், அது மீனாட்சி. இரண்டும் சேர்ந்து 350 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் ஒரே தொட்டியில் விட்டார்கள். இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றி வந்ததை, கல்யாண நடனம் என்று மகன் வீடியோ எடுத்திருக்கிறான். விடிந்து பார்த்தால் ராஜாவின் வாலில் பாதியைக் காணோம். மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. மீனாட்சிக்கும் துடுப்பில் கிழிசல்.

மீனாட்சியை எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார்கள். இரண்டு நாளில் தண்ணீரின் மேலே நுரை கட்டியது. முட்டை போட்டுவிட்டது என்று வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் ஒரு குஞ்சும் வரவில்லை. அப்புறம் வேறொரு கடையில் மூன்றாவதாக ஒரு மீன் வாங்கினார்கள். அது செல்லம். அதன் வயிறு உப்பியிருந்தது, வயிற்றுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தது. சினையாக இருக்கிறது என்றார் மாமியார். வெள்ளைப் புள்ளி நோய் என்று சொல்லிக் கணவர் மூன்று நாளாக நீல மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். இந்த மீன்கள் பாலினம் மாறும் என்று ஏதோ வீடியோவில் பார்த்ததாகச் சொல்கிறான் மகன். எது ஆண், எது பெண்? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, புகார் கொடுக்கலாமா? இனிமேலாவது ஜோடி சேர்க்க முடியுமா? இவைதான் கேள்விகள். "பையன் நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு ராத்திரி தூங்க மாட்டேங்கிறான் டாக்டர்" என்று முடித்திருக்கிறார். மூன்று மீன்களின் படங்களும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். செல்லத்துக்கு ஊற்றும் மருந்தை இன்றே நிறுத்துங்கள். மூன்று மீன்களையும் தனித்தனியாகவே வைத்திருங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

படங்களைப் பார்த்தேன். ராஜா ஆண். மீனாட்சியும் ஆண். செல்லம்தான் பெண். அதாவது அன்று இரவு நீங்கள் ஒரே தொட்டியில் விட்டது இரண்டு ஆண்களை. மகன் எடுத்த வீடியோவில் இருப்பது நடனம் இல்லை, சண்டைக்கு முன்னால் போடும் சவால். இது அவன் தப்பில்லை. கடையில் பெண் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பினான், அவ்வளவுதான். ஒன்றைச் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கலாம். நான் படித்து முடித்து வேலைக்கு வந்த புதிதில், குட்டை வால் மீனைப் பெண் என்று நினைத்து ஒருவருடைய தொட்டியில் விடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவர் திரும்பவும் போன் பண்ணினார். மீன் வைத்தியம் படித்த எனக்கே அந்த கதி.

குட்டை வால் எப்படி ஏமாற்றியது?

ஃபைட்டர் என்றாலே நமக்கு மனதில் வருவது, பட்டுப் பாவாடை மாதிரி விரிந்த வாலோடு இருக்கும் மீன். ஹாஃப்மூன், கிரவுன்டெயில், வெயில்டெயில் எல்லாம் அந்த வகை. இவற்றில் ஆணுக்கு நீண்ட வால், பெண்ணுக்குக் குட்டை வால் என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் அழகுக்காக மனிதர்கள் பிறகு வளர்த்தெடுத்ததுதான் அந்த நீண்ட வால். இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்து. சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியின் வயல்களும் வாய்க்கால்களும் சதுப்பும். 2019ல் தாய்லாந்து அரசு இதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே இதன் பெயர் பிளா கட், அதாவது கடிக்கிற மீன். வயலில் கிடைக்கும் மீனுக்கு ஆணானாலும் குட்டைத் துடுப்புதான். சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த வகைக்கும் அப்படித்தான், நீளமான வால் எதிரியின் வாய்க்கு வசதியாகிவிடும் அல்லவா?

அந்தக் குட்டை வால் வகையைத்தான் நம் ஊர்க் கடைகளில் பிளாகட் என்று விற்கிறார்கள். உங்கள் மீனாட்சி ஒரு பிளாகட் ஆண். ஆக, குட்டை வாலைப் பார்த்துப் பெண் என்று நீங்கள் அழைத்து வந்தது, சண்டைக்கு இறங்கினால் ராஜாவைவிட லாயக்கான ஆளை. ராஜாவின் வால் போனதில் ஆச்சரியமே இல்லை.

வால் உதவாவிட்டால் எதைப் பார்ப்பது? வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். மீனின் கழுத்துக்குக் கீழே குச்சி போல இரண்டு துடுப்புகள் தொங்கும். ஆணுக்கு அவை நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். பெண்ணுக்குக் குட்டை, மெல்லிசு. அவற்றுக்குப் பின்னால், அடிவயிறு முழுக்க நீண்டு ஓடும் துடுப்பு இருக்கிறதே, ஆண் பிளாகட்டில் அது பின்னால் போகப்போக இறங்கி கத்தி முனை போலக் கூர்மையாக முடியும். பெண்ணில் அது ஏறக்குறைய ஒரே உயரத்தில் சீராக வெட்டின மாதிரி இருக்கும். மீனாட்சியின் படத்தில் அந்தக் கூர்முனை வால் வரைக்கும் நீண்டிருப்பது நன்றாகவே தெரிகிறது. உடம்பையும் பாருங்கள்: ஆண் நீளம், தலையும் தாடையும் அகலம், பெண் கொஞ்சம் குட்டை, வயிற்றுப் பக்கம் உருண்டை.

அடுத்தது தாடி. செவுள் மூடிக்குக் கீழே ஒரு தோல் மடிப்பு இருக்கும். மீன் கோபப்பட்டுச் செவுளை விரிக்கும்போது தாடி போல வெளியே வரும். ஆணுக்கு அது பெரியது, விரிக்காதபோதும் ஓரமாகக் கறுப்பாக எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கும் உண்டு, சிறியது. இதைச் சோதிக்க முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே காட்டுவார்கள். காட்டலாம், ஆனால் பெண் மீனும் கண்ணாடியைப் பார்த்துச் செவுளை விரிக்கும். அதனால் விரித்ததா என்று பார்க்காதீர்கள், தாடி எவ்வளவு பெரிது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்வரை கண்ணாடியை அப்படியே வைத்துவிட்டுப் போனால் மீன் களைத்துவிடும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெண் மங்கல், ஆண் பளிச் என்பது பழைய கணக்கு. இப்போது பெண் மீன்களும் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் வருகின்றன.

மீனாட்சி கட்டிய நுரை முட்டை இல்லை, கூடு. ஆண் ஃபைட்டர் மேலே வந்து காற்றை வாயில் எடுத்து, எச்சிலோடு சேர்த்துக் குமிழியாக விட்டு இந்தக் கூட்டைக் கட்டும். முட்டைகளை வைத்துக் காப்பாற்றுவதற்காக. துணை பக்கத்தில் இல்லாவிட்டாலும், பாட்டிலில் தனியாக இருந்தாலும் கட்டும். எப்போதாவது பெண்ணும் சின்னதாகக் கட்டும் என்பதால் நுரையை மட்டும் வைத்து நான் ஆண் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் எல்லா அடையாளமும் ஒரே பக்கம்தான் காட்டுகிறது.

செல்லத்தின் வெள்ளைப் புள்ளி

உங்கள் கணவர் மீது கோபப்படாதீர்கள். அவர் அக்கறையோடுதான் செய்திருக்கிறார், இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வரும். வெள்ளைப் புள்ளி நோயும் உப்புக் கல் அளவுப் புள்ளிதான், செல்லத்துக்கு இருப்பதும் உப்புக் கல் அளவுதான். ஆனால் நோய் ஒரே ஒரு புள்ளியாக, வயிற்றின் நடுவே, நாள் கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்காது. துடுப்பு, முதுகு, செவுள் என்று தூவின மாதிரிப் பரவும். மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசும்.

செல்லத்தின் புள்ளி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். தொங்கும் குச்சித் துடுப்புகளுக்குப் பின்னால், அடித்துடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால். அது முட்டை வெளிவரும் குழாயின் நுனி. மீன் வளர்ப்பவர்கள் முட்டைப் புள்ளி என்று சொல்வது இதைத்தான். ஆண் பெண் பார்க்க நான் முதலில் தேடுவதும் இதுதான். உங்கள் வீட்டில் மூன்று நாளாக மருந்து ஊற்றியது, இந்த மீன் பெண் என்பதற்கான அத்தாட்சிக்கு!

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரண்டு மூன்று மாத வயதுள்ள இளம் ஆண்களுக்கும் சில சமயம் அதே இடத்தில் லேசான புள்ளி போலத் தெரியும். அதனால் புள்ளியோடு துடுப்பையும் உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிர் நிற மீனாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. இருட்டில் மீனுக்குப் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சில நொடிகள் அடியுங்கள். உள்ளே காற்றுப் பைக்குக் கீழே மஞ்சளாக, வாலை நோக்கிக் குறுகும் முக்கோணம் போன்ற நிழல் தெரிந்தால் அது சூலகம், மீன் பெண். கருநீலம், கறுப்பு மீன்களில் ஒன்றும் தெரியாது.

நீல மருந்து ஊற்றிய தண்ணீரில் பாதியை இன்று மாற்றுங்கள், நாளை மறுநாள் இன்னும் பாதி. குளோரின் போவதற்காகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முன்பே வாளியில் பிடித்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள். தொட்டியில் ஃபில்டர் இருந்தால் அந்த மருந்து அதிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் பாதித்திருக்கும். அதனால் அடுத்த இரண்டு வாரம் தண்ணீரைச் சற்று அடிக்கடி மாற்றுவது நல்லது.

வயிறு உப்பியிருப்பதைப் பற்றி. மாமியார் சொன்னதில் பாதி சரி. உள்ளே முட்டை இருக்கலாம். ஆனால் ஃபைட்டர் கப்பி போலக் குட்டி போடும் மீன் இல்லை, அதற்குச் சினை என்பது கிடையாது. ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளர்ந்த பெண்ணுக்கு முட்டை உருவாகும். ஆண் இல்லையென்றால் சில நேரம் தானே முட்டையை வெளியேற்றித் தானே தின்றுவிடும், சில நேரம் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். அதற்காக அவசரமாக ஜோடி சேர்க்க வேண்டியதில்லை. தீனி அதிகமானாலும் வயிறு உப்பும். இரண்டு நாள் உணவு போடாமல் இருந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப் பழம் போலத் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் பயப்பட வேண்டும். அது நீர்கோத்த நோய், உடனே மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். படத்தில் செதில்கள் படிந்தே இருக்கின்றன.

பாலினம் மாறுமா?

உங்கள் மகன் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. பெண் ஃபைட்டர்களின் சூலகத்தை அறுவை செய்து எடுத்துவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1975ல் வெளிவந்தது. அந்த மீன்கள் பலவற்றில் விந்தகம் வளர்ந்து அவை ஆணாகின. 2022ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, வளர்ப்பு ஃபைட்டர்களின் பாலினத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே எல்லா மீனிலும் முடிவு செய்வதில்லை என்று காட்டியது. ஆக, இந்த மீனில் ஆண் பெண் என்பது நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் நெகிழ்வான விஷயம்தான். ஆனால் வீட்டுத் தொட்டியில் "பெண்ணாக இருந்தது ஆணாகிவிட்டது" என்று என்னிடம் வருபவர்களின் மீன் அநேகமாக முதலிலிருந்தே ஆண்தான். இளம் ஆணுக்குத் துடுப்பு நீள்வதற்கு மாதங்கள் ஆகும். மூன்று மாதத்தில் பெண் போலத் தெரிந்தது ஆறாவது மாதத்தில் வாலை விரித்துக்கொண்டு நிற்கும்.

கடைக்காரர் மீது புகார்

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர் ஏமாற்றினார் என்று தோன்றவில்லை. வரிசையாக அடுக்கிய சின்னப் பாட்டில்களில் துடுப்பை மடக்கிக்கொண்டு கிடக்கும் மீனை, அதுவும் பிளாகட்டை, பார்த்ததும் சொல்ல அனுபவம் வேண்டும். விற்கிற பையனுக்கு அது இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஜோடி என்று சொல்லி விற்றது ஜோடியாக இல்லை என்றால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பில் இருந்தால் எடுத்துக்கொண்டு, இந்தப் படங்களோடு போய்ப் பேசுங்கள். மாற்றித் தருகிறேன் என்று சொல்லக்கூடும். ஒத்துவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 350 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள்: மாற்றிக் கேட்டால் மீனாட்சியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். மகன் சம்மதிப்பானா?

மகனின் நண்பர்கள் இரண்டு ஆண்களையும் மறுபடி சண்டைக்கு விட்டு வீடியோ எடுக்கலாம் என்று சொன்னதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை விளையாட்டாக விடாதீர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதர் தவிர்ந்த எந்த உயிரையும் விலங்கு என்றுதான் சொல்கிறது. வேடிக்கைக்காக விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். பையன்களிடம் சட்டம் பேச வேண்டியதில்லை. ராஜாவின் வாலைக் காட்டினால் போதும்.

அந்த வால் திரும்பி வளரும். சுத்தமான, 26 முதல் 28 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர்தான் மருந்து. சில வாரங்களில் கிழிந்த ஓரத்தில் கண்ணாடி போல நிறமில்லாத விளிம்பு தெரிந்தால் புதுத் துடுப்பு வருகிறது என்று அர்த்தம். ஓரம் கறுத்தோ சிவந்தோ பின்வாங்கிக்கொண்டே போனால், பஞ்சு போல ஏதாவது ஒட்டியிருந்தால், எழுதுங்கள். நம் தெருக்களில் நிற்கும் பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவித் தொட்டியில் போடலாம். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மீனாட்சியையும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலேயே விட்டுவிடாதீர்கள். மீன் ஒன்றுக்குப் பத்து லிட்டராவது இருந்தால் நல்லது. மேலே மூடி வேண்டும், குதிக்கும். ஆனால் மூடிக்குக் கீழே காற்று இடைவெளி விடுங்கள். இந்த மீன் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை, மேலே வந்து காற்றையும் குடித்தே வாழ்கிறது.

இனி ஜோடி சேர்க்கலாமா?

ராஜாவுக்கு வால் வளரும்வரை வேண்டாம். அதன் பிறகு என்றாலும் நடக்கப்போவதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆணையும் பெண்ணையும் எப்போதும் சேர்ந்தே வைத்திருக்க முடியாது. பெண்கள் மட்டும் சேர்ந்து இருக்கும் என்று யாராவது சொன்னாலும் அதையும் முயல வேண்டாம், அவையும் அடித்துக்கொள்ளும். ஜோடி சேரும் நேரம் சில மணி நேரம்தான்.

இரண்டையும் தனித்தனியாக இரண்டு வாரம் கொசுப்புழு, ஆர்ட்டீமியா எனும் குட்டி இறால் என்று நல்ல உணவு கொடுத்துத் தேற்ற வேண்டும். அரை அடி ஆழத்துக்குத் தண்ணீர் உள்ள தொட்டியில் ஆணை விட்டு, அதற்குள் ஒரு கண்ணாடி டம்ளரில் பெண்ணை வைத்துக் காட்ட வேண்டும். ஆண் கூடு கட்டி, பெண்ணின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தோன்றினால் தயார். கோடுகள் தலையிலிருந்து வாலுக்குப் படுக்கையாக ஓடினால் அது பயம், அன்றைக்கு வேண்டாம். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கூட்டைக் காக்கும் ஆண் அவளைக் கொன்றுவிடும். இரண்டு நாளுக்குள் குஞ்சு வரும், அடுத்த இரண்டு மூன்று நாளில் அவை நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும்.

அதற்கு அப்புறம்தான் கஷ்டமே. நூறு குஞ்சு பிழைத்தால், மூன்று மாதத்தில் அதில் பாதி ஆண்களாகி ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் வேண்டும். சென்னையில் கொளத்தூர் பக்கம் மீன் பண்ணைகளில் மொட்டை மாடி முழுக்கப் பாட்டில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது பாட்டிலுக்குத் தினம் யார் தண்ணீர் மாற்றுவது என்று மகனையே கேளுங்கள். பதில் சொல்லிவிட்டான் என்றால் ஆரம்பிக்கலாம்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் மகன் தன் கையெழுத்திலேயே ஒன்று கேட்டிருந்தான்: "மீனாட்சி ஆம்பளைன்னா பேரை மாத்தணுமா?" வேண்டாம் தம்பி. நீ தீனி டப்பாவைக் கையில் எடுத்தாலே அது மேலே வரும், எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.